கசகசாவும் கடவுச்சீட்டும்

விடுமுறை நெருங்கினால் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பேருந்து நிலையச் சுவர்களில் துபாயும் மலேசியாவும் மாலத்தீவும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. விமானம், விசா, ஓட்டல், காலைச் சிற்றுண்டி எல்லாம் சேர்த்து ஒரே தொகை. தவணை வசதியும் உண்டு. பிழைப்புத் தேடிப் போன நாடுகளுக்கு இன்று குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கப் போகிறோம். போகிறவர்களிடம் ஊரார் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறவில்லை: "முஸ்லிம் நாடாச்சே, பயமில்லையா?"

பயப்படத்தான் வேண்டும், ஆனால் மதத்தைப் பார்த்து இல்லை. கடவுச்சீட்டில் விட்டுப்போன ஒரு பெயர், மசாலாப் பொடியில் அரைபட்ட கசகசா, அப்பாவின் நரம்பு வலி மாத்திரை, தெரிந்தவர் கொடுத்தனுப்பிய பொட்டலம் ஆகியவைதான் நம் ஊர்ப் பயணியை அந்நிய மண்ணில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க வைக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட விளம்பரச் சுவரொட்டியில் இருக்காது.

இழப்பும் சிறிதல்ல. திராட்சைத் தோட்டத்தில் ஒரு வெட்டில் வந்த வருமானம், ஆசிரியத் தம்பதியின் சேமிப்பு, ஏலச்சீட்டு எடுத்த பணம் என்று திரட்டித்தான் நடுத்தரக் குடும்பம் இந்தப் பயணத்துக்குப் புறப்படுகிறது. விமான நிலையக் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டால் டிக்கெட் பணமும் போகும், ஓட்டல் பணமும் போகும். அந்த நாட்டில் இறங்கிய பிறகு சிக்கினால் பணத்தோடு முடியாது.

எல்லா நாடும் ஒன்றில்லை

'முஸ்லிம் நாடு' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவதுதான் முதல் பிழை. மலேசியாவில் இஸ்லாம் கூட்டரசின் சமயம். அதே நாட்டில்தான் கோலாலம்பூரை ஒட்டிய பத்துமலையில் 140 அடி முருகன் சிலை 2006 முதல் நிற்கிறது. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானோர் காவடியோடு கூடுகிறார்கள். இந்தோனேசியாவில் முஸ்லிம்களே பெரும்பான்மை என்றாலும் அதற்கு அரசு மதம் என்று ஒன்றில்லை. அதன் ஒரு பகுதியான பாலித் தீவில் இந்துக்களே அதிகம்.

ஐக்கிய அரபு அமீரகத்துக்குள்ளேயே விதிகள் வேறுபடுகின்றன. துபாயில் உரிமம் பெற்ற இடங்களில் 21 வயது நிரம்பியவர் மது அருந்தலாம். பக்கத்திலேயே உள்ள ஷார்ஜாவில் மதுவுக்கு முழுத் தடை. மாலத்தீவில் சுற்றுலா விடுதித் தீவுகளில் மது கிடைக்கும். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் கிடையாது. வெளியிலிருந்து மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் கொண்டுவருவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. கையடக்கப் பிள்ளையாரைப் பெட்டியில் வைத்துப் பழகியவர்கள் மாலே விமான நிலையத்தில் விழிக்க நேரும். அமீரகத்திலோ, துபாயின் ஜெபல் அலியில் 2022-லும் அபுதாபியில் 2024-லும் பெரிய இந்துக் கோயில்களே திறக்கப்பட்டிருக்கின்றன.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, "அந்த நாட்டின் மதம் என்ன?" என்பதில்லை. "நான் இறங்கும் ஊரில் எது சட்டம், எது வழக்கம்?" என்பதே.

நமக்கு முன்னே போன ஏலக்காய்

அரபு நாடுகள் நம் தேனி மாவட்டத்துக்குப் புதியவை இல்லை. போடிநாயக்கனூரில் ஏலம் போகும் ஏலக்காய்க்கு வளைகுடா பல்லாண்டுச் சந்தை. அங்கே விருந்தினருக்கு முதலில் நீட்டும் 'கஹ்வா' என்ற அரபுக் காபியில் மணப்பது ஏலக்காய். பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்று சவுதி அரேபியா சில ஆண்டுகளுக்கு முன் இந்திய ஏலக்காய்க்குக் கதவடைத்ததையும் போடி வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை கால உறவு இருந்தாலும் எல்லையில் சோதனைச் சான்றுதான் பேசும். சரக்குக்குச் சொன்னது ஆளுக்கும் பொருந்தும்.

கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம் பகுதி ராவுத்தர் குடும்பங்கள் பலவற்றில் அத்தாவோ மாமாவோ மச்சானோ அரபு நாட்டில் வேலை பார்த்தவராக இருப்பார். எந்தத் தெருவில் மலிவாகச் சாப்பிடலாம், நோன்பு நேரத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், போலீஸ் நிறுத்தினால் எப்படிப் பேச வேண்டும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். யூடியூபில் மணிக்கணக்காகத் தேடுகிற நாம், அடுத்த தெரு பாயிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பதில்லை. வளைகுடாவில் ஓட்டுநராகவும் கட்டடத் தொழிலாளியாகவும் இருந்து திரும்பிய மற்றவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சட்டத்தை அரசு இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வழக்கத்தை இவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரிலேயே தடுக்கும்

தமிழர்களுக்கென்றே வந்தது போன்ற சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. பெயருக்கு முன் தலைப்பெழுத்துதான். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'முத்துப்பாண்டி' என்று ஒற்றைப் பெயரை எழுதி, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஏராளம்.

கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனால் விமானம் புறப்படும் நேரத்தில் கவுன்டர் ஊழியரிடம் அந்த விளக்கத்தைச் சொல்லி வாதாடும் நிலைக்கு யாரும் போகக் கூடாது. டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். இன்னும் நல்லது, கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்து பெயரை இரண்டு கட்டங்களிலும் நிரப்பிக்கொள்வது. தேனி மாவட்டத்துக்கு மதுரைதான் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம். இதற்குச் சில வாரங்கள் ஒதுக்கித்தான் பயணத் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, 'ஈசிஆர்' முத்திரை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில், குடியேற்றச் சோதனை தேவை என்பதற்கான இந்தக் குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, இந்தோனேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இவர்கள் அரசின் அனுமதி பெற வேண்டும். சுற்றுலாவுக்கு அந்த அனுமதி வேண்டாம். ஆனாலும் 'சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போகிறாரோ' என்ற சந்தேகத்தில் குடியேற்ற அதிகாரி கூடுதலாகக் கேள்வி கேட்பார். திரும்பிவரும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்திருங்கள். 50 வயது கடந்தவர்களும் வருமான வரி செலுத்துபவர்களும் இந்த முத்திரையை நீக்கிக்கொள்ள வழியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத விவசாயப் பெற்றோரை அழைத்துப் போகும் பிள்ளைகள் இதை முதலிலேயே செய்துவிடலாம்.

மூன்றாவது, தங்கும் இடம். 2024 இறுதியில் துபாய் தன் சுற்றுலா விசா விதிகளை இறுக்கியது. ஓட்டல் முன்பதிவும் திரும்பும் டிக்கெட்டும் விசா விண்ணப்பத்தோடேயே கேட்கப்பட்டன. பலரது விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. "அக்கா வீட்டுல தங்கிக்குவோம்" என்று வாயால் சொன்னால் போதாது. அக்காவின் வாடகை ஒப்பந்தம், எமிரேட்ஸ் அடையாள அட்டை, விசா ஆகியவற்றின் நகல் கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களுக்குப் பொது.

மலேசியா கொஞ்சம் எளிது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் அரசுடையதில்லை என்று அறிக.

அடுக்களையிலிருந்து பெட்டிக்கு

பயணத்துக்கு முந்தைய இரவு ஒரு வீட்டில் பெட்டி எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வீட்டில் வறுத்து மில்லில் அரைத்த குழம்புத்தூள், பிரியாணி மசாலா, சின்னமனூர் வெற்றிலை ஒரு கவுளி, பாக்கு, தாத்தாவுக்குப் புகையிலை. வீட்டுக் கண்ணுக்கு எல்லாமே பாசம். துபாய் சுங்க அதிகாரியின் கண்ணுக்கு இவற்றில் சில தடை செய்யப்பட்ட பொருள்.

குருமாவுக்கும் பிரியாணிக்கும் நாம் அரைத்து ஊற்றும் கசகசா, அபின் செடியின் விதை. அமீரகம் அதைப் போதைப்பொருள் பட்டியலில் வைத்திருக்கிறது. வேறு சில வளைகுடா நாடுகளும் தடுக்கின்றன. தனியாகப் பொட்டலம் கட்டி எடுத்துப் போனால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் அது கசகசாதான். "சமையலுக்குத்தான் சார்" என்ற பதில் அங்கே எடுபடாது. வெற்றிலையும் பான் வகைகளும் துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

நான்கைந்து நாள் பயணத்துக்கு மசாலா எதற்கு? துபாயின் கராமா, மீனா பஜார் பகுதிகளில் இட்லி, தோசை, சாம்பார் சாதம் எல்லாம் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் குறையில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் கடையில் விற்கும், பொருட்பட்டியல் அச்சிட்ட பாக்கெட்டை வாங்கி, அதில் கசகசா இல்லை என்று படித்துப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். திருநீறும் நாட்டு மருந்துப் பொடியும் தாளில் மடித்த நிலையில் போக வேண்டாம். எந்த நாட்டு அதிகாரிக்கும் அது வெறும் பொடிதான். அது என்னவென்று தெரியும்வரை நீங்கள் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும்.

மருந்துப் பை

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது பெரியவர்களின் மாத்திரைகள். சர்க்கரை நோயால் கால் எரிச்சல் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பிரீகாபலின், காபாபென்டின், கடும் வலிக்கான டிரமடால், தூக்கத்துக்கான அல்பிரசோலம், சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன். இங்கே சாதாரணமாக எழுதித் தரப்படும் இவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அரசு இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கித்தான் கொண்டு போக வேண்டும்.

நம் ஊர் மருந்துக்கடைப் பழக்கமும் இங்கே வினையாகும். பத்து மாத்திரை அட்டையில் நாலை வெட்டிப் பழுப்புக் கவரில் போட்டுத் தருவார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட பாதியோடு கடையிலேயே தங்கிவிடும். பெயரில்லாத மாத்திரையோடு எந்த எல்லையையும் கடக்கக் கூடாது. முழு அட்டையாக, அதன் பெட்டியோடு வாங்குங்கள். மருந்தின் மூலப்பெயர், அளவு, நோய் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் உள்ள சமீபத்திய சீட்டை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இன்சுலின் போடுபவர்களும் அப்படியே. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்தால், கட்டுப்பாடு உள்ள மருந்துக்கு மாற்று உண்டா என்று கேட்கவும் நேரம் இருக்கும்.

"இதை மட்டும் அங்கே கொடுத்துருங்க"

2019-இல் மும்பைத் தம்பதி ஒன்று கத்தாருக்குத் தேனிலவு போனது. பயணத்தை ஏற்பாடு செய்தவர் நெருங்கிய உறவினர். ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்பினார். தோஹா விமான நிலையத்தில் அவர்கள் பெட்டியில் சுமார் 4 கிலோ ஹஷீஷ் என்ற போதைப்பொருள் இருந்தது. இருவருக்கும் பத்தாண்டுச் சிறை. மனைவி கர்ப்பமாக இருந்தார். சிறையிலேயே குழந்தை பிறந்தது. உறவினர் ஏமாற்றியதை இந்தியாவில் நடந்த விசாரணை வெளிக்கொண்டுவந்தது. மறுவிசாரணைக்குப் பிறகு 2021-இல் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள். குற்றமற்றவர்கள் என்று மெய்ப்பிக்க ஏறத்தாழ இரண்டாண்டு பிடித்தது.

கஞ்சா வழக்குகளில் கம்பம் பகுதியின் பெயர் அடிபடுவது நமக்குத் தெரியாததில்லை. அந்தப் பின்னணியில் இந்தக் கதையை இரண்டு முறை படிக்க வேண்டும். துபாயில் இருக்கும் மகனுக்கு அதிரசம், மலேசியாவில் இருக்கும் மருமகளுக்கு லேகியம் என்று அக்கம்பக்கத்தார் கொடுப்பார்கள். முகத்துக்கு நேரே மறுப்பது நம் பண்பாட்டில் கடினம். மறுக்க முடியாவிட்டால் அவர்கள் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்து நீங்களே கட்டுங்கள். அதற்கு மனம் வராதவரின் பொட்டலம் உங்கள் பெட்டியில் ஏற வேண்டியதில்லை. மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு.

திரும்பும் வழியிலும் வலை விரிப்பார்கள். "இந்தத் தங்கத்தை மட்டும் கொண்டுவந்தா டிக்கெட் செலவு எங்களோடது" என்பவர்களுக்குத் தேவை இன்னொரு 'குருவி'. பிடிபட்டால் நகையும் போகும், வழக்கும் வரும். அனுப்பியவர் கைப்பேசியை அணைத்துவிடுவார். சொந்தமாக வாங்கும் நகைக்கும் கணக்கு உண்டு. தங்க நகைக்கான சுங்கச் சலுகை, பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்பது, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான். ஐந்து நாள் சுற்றுலா போனவருக்கு அது கிடையாது. புதிதாக வாங்கிய நகையை ரசீதோடு சுங்கத்தில் சொல்லி வரி கட்டிவிடுவதே நிம்மதி. இங்கிருந்து கனத்த நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், புறப்படும்போதே சுங்கப் பிரிவில் ஏற்றுமதிச் சான்று வாங்கினால் திரும்பும்போது தகராறு இல்லை.

கைப்பேசியும் ரசீதுப் புத்தகமும்

துபாயில் இறங்கியதும் வாட்ஸ்ஆப் செய்தி போகும். குரல் அழைப்பும் காணொலி அழைப்பும் போகாது. அங்கே அவை முடக்கப்பட்டிருக்கின்றன. இது தெரியாமல் ஊரில் இருப்பவர்கள், 'போன் எடுக்கவே இல்லை' என்று இரவெல்லாம் கலங்குகிறார்கள். புறப்படும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். அங்கே அனுமதியுள்ள செயலியையோ சாதாரண அழைப்பையோ பயன்படுத்துங்கள்.

மற்றவர்களை, குறிப்பாகப் பெண்களை, அவர்கள் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் பகிர்வதும் அமீரகத்தில் குற்றம். அரசு, ராணுவக் கட்டடங்களைப் படமெடுக்கவும் கூடாது. வாட்ஸ்ஆப்பில் ஒருவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினால்கூட வழக்கு வரும்; சாலையில் கோபத்தில் விரலைக் காட்டினாலும் அதே கதை. உள்ளூர் அரசியல், மதச் சண்டைப் பதிவுகளை அங்கிருந்து பகிர்வதை அறவே விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஊர்த் திருவிழாவுக்கோ பள்ளிவாசல் கட்டடத்துக்கோ நன்கொடை திரட்ட ரசீதுப் புத்தகத்தோடு துபாய் போகும் பழக்கம் உண்டு. நம் ஊரில் அது கௌரவம். அமீரகத்தில் உரிமம் இல்லாமல் பணம் வசூலிப்பது சட்டப்படி குற்றம். பெருந்தொகை அபராதம் விழும். உறவினர் தன் கணக்கிலிருந்து நேரடியாக ஊருக்கு அனுப்பட்டும். ரசீதுப் புத்தகம் ஊரிலேயே இருக்கட்டும்.

உடை, நோன்பு, வெயில்

உடையைப் பற்றி ஊரில் உலவும் அச்சம் பெரிது, நடப்பு எளிது. சேலை, சுடிதார், பொட்டு, பூ எதற்கும் துபாயிலோ கோலாலம்பூரிலோ தடையில்லை. அபுதாபியின் ஷேக் சயீத் பெரிய பள்ளிவாசலுக்குள் போவதற்குத்தான் தனி விதி: பெண்கள் தலையைத் துணியால் மூடி, கை கால் மறையும் தளர்ந்த உடை அணிய வேண்டும், ஆண்களுக்கு அரைக்கால் சட்டை ஆகாது. கட்டணம் இல்லை, இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும்போது உடையைப் பார்த்து உடுத்தும் நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னே நகரும். அந்த மாதத்தில் பகல் நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவது, குடிப்பது, புகைப்பது எதையும் தவிர்ப்பது நல்லது. துபாயில் உணவகங்கள் பகலிலும் திறந்திருக்கும்; உள்ளே அமர்ந்து சாப்பிடலாம். சில இடங்களின் நேரம் மாறும். அதற்கு ஈடாக நோன்பு திறக்கும் வேளையில் ஊரே விழாக்கோலம் பூணும். அதைப் பார்க்கவே போகிறவர்களும் உண்டு. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். கத்தார், ஓமன், சவுதியில் வெள்ளியும் சனியும். அங்காடிக்கும் அலுவலகத்துக்கும் போக நாள் குறிக்கும்போது இதைப் பாருங்கள்.

சிறிய விதிமீறலுக்கும் அங்கே பெரிய விலை. துபாயில் கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் 400 திர்ஹாம். நம் பணத்தில் பத்தாயிரத்தை நெருங்கும். மெட்ரோ ரயிலில் சாப்பிட்டால் 100 திர்ஹாம். பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறினாலும் அபராதம். விசா முடிந்த பிறகு தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம். குழந்தையின் கையில் முறுக்கைக் கொடுத்து மெட்ரோவில் ஏறும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுவரொட்டியில் சொல்லாத இன்னொன்று வெயில். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. துபாயில் மே மாதமே 40 டிகிரியைத் தாண்டும். ஜூலை, ஆகஸ்டில் 45-ஐத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகலில் வெட்டவெளி வேலைக்கே அந்நாட்டு அரசு தடை விதிக்கிறது. மேகமலைக் காற்றில் வளர்ந்த உடம்பு அந்த வெயிலில் எத்தனை இடத்தைப் பார்க்கும்? கோடைக் கட்டணம் மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அரையாண்டு விடுமுறைதான் ஏற்ற காலம். கொஞ்சம் கூடச் செலவானாலும், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள் டிசம்பரையே தேர்ந்தெடுக்கலாம்.

சுற்றுலா விசாவில் வேலையா?

"முதல்ல விசிட் விசாவுல போங்க, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்கிற முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேரனின் 'வெற்றிக்கொடி கட்டு' 2000-இல் வந்தது. துபாய் வேலை என்று பணம் கட்டி ஏமாந்த இரண்டு இளைஞர்களின் கதை அது. கால் நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கதை பழையதாகவில்லை.

சுற்றுலா விசாவில் வேலை செய்வது குற்றம். சம்பளம் தராவிட்டால் கேட்க வழியில்லை. விபத்து நடந்தால் இழப்பீடு இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் மத்திய அரசில் பதிவு செய்தவரா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் லட்சங்களில் கேட்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்கவே கூடாது.

இனி என்ன செய்யலாம்?

பயணி செய்ய வேண்டியது முதலில். கடவுச்சீட்டு, விசா, காப்பீடு, மருத்துவர் சீட்டு ஆகியவற்றின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். 2025 ஜூன் 23 அன்று கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் ஏவுகணைகள் தாக்கியபோது வளைகுடா வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் விமான நிலையங்களில் சிக்கினர். போர்ச் சூழலைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை. விதிகளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். புறப்படும் வாரத்தில் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். அமீரகத்தில் சிக்கல் வந்தால் துபாயில் உள்ள இந்தியர் உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342, போலீசுக்கு 999. போலீஸ் நிறுத்தினால் குரலை உயர்த்தாதீர்கள், பணம் நீட்டாதீர்கள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்து, பயண முகவர்கள். முன்பணம் வாங்கும் நாளிலேயே, தடை செய்யப்பட்ட பொருட்கள், மருந்து விதி, ஒற்றைப் பெயர்ச் சிக்கல், விசா நிராகரிக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்ற நான்கையும் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுக் கையெழுத்தோடு தர வேண்டும். தராத முகவரிடம் முன்பணம் கட்ட மறுப்பது நம் உரிமை.

விமான நிறுவனங்களும் சுங்கத் துறையும் சேர்ந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. கசகசாவின் படமும் வெற்றிலையின் படமும் போட்டு, "இது பெட்டியில் இருக்கிறதா?" என்று தமிழில் கேட்கும் பலகையை மதுரை விமான நிலையத்தின் நுழைவாயிலில் வைக்கலாம். பெட்டியை ஒப்படைக்கும் கவுன்டரை அடைந்த பிறகு சொல்வதில் பயனில்லை. வழியனுப்ப வந்தவர்களிடம் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாய்ப்பிருக்கும் இடத்தில் அந்தப் பலகை இருக்க வேண்டும்.

கடைசியாக, மாவட்ட நிர்வாகம். தேனி ஆட்சியர் அலுவலகம், மதுரைக் கடவுச்சீட்டு அலுவலகம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை ஆகிய மூன்றும் இணைந்து, ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் மாதமும் நவம்பர் மாதமும், ஒரு நாள் முகாம் நடத்தலாம். 1956 முதல் இயங்கும் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற இடம் அதற்குப் பொருத்தம். கடவுச்சீட்டுத் திருத்தத்துக்கு ஒரு மேசை, மருந்துச் சீட்டைச் சரிபார்க்க ஒரு மருத்துவர், முகவர்மீது புகார் வாங்க ஒரு காவல் அதிகாரி இருந்தால் போதும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேரையும் அங்கே உட்கார வைத்தால், எந்த வழிகாட்டி நூலும் தராத பாடத்தை அவர்கள் தருவார்கள். டிசம்பர் விடுமுறைக்கான முதல் முகாமை வரும் நவம்பரிலேயே தொடங்கிவிடலாம்.